ஐந்து இடங்களில் பதிவான கச்சேரியை ஒரே ஹாலில் உட்காரவைப்பது: பேன் (இடவலம் வைப்பது), ரிவெர்ப் (ஹால் எதிரொலி) சந்தேகம்

சுருதிப்பெட்டி:

வணக்கம். முக்கால் மணி நேரக் கச்சேரி ஒன்றை மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் பிடிபடவில்லை. பாட்டு என் அக்கா மகள், திருச்சியில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் பதிவு செய்தோம். வயலின் பெங்களூரிலிருந்து வந்தது, மிருதங்கம் சென்னையிலிருந்து, கடம் தஞ்சாவூரிலிருந்து, தம்புரா போனில் இருக்கிற செயலியிலிருந்து நேராக எடுத்தது. ஆக ஐந்தும் ஐந்து இடம். கேட்கிறவர் கண்ணை மூடினால் எல்லோரும் ஒரே மேடையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும், அதுதான் ஆசை.

ரீப்பர் என்கிற ஒலிக்கலவை மென்பொருளில்தான் வேலை. பாட்டு நடுவில். வயலின் வலப்பக்கம் 60 (முழு ஓரம் என்றால் 100), மிருதங்கம் இடப்பக்கம் 60, கடம் வலப்பக்கம் 30. ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு ரிவெர்ப் போட்டிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் ஒரே ஹால் ப்ரீசெட்தான் (தயார் அமைப்பு), எதிரொலி அடங்க 2.2 விநாடி. பின்னால் உட்காருகிற கடத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவும் ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் விடுகிற இடைவெளி) கூட்டியும் வைத்தேன். வயலின் ஒல்லியாகத் தெரிந்ததால் அதை ஒரு நகல் எடுத்து 12 மில்லிசெகண்ட் தள்ளி இடப்பக்கம் வைத்தேன், அது எங்கேயோ படித்த வழி.

இப்போது என்ன ஆகிறது என்றால், ஹெட்போனில் வயலின் வலது காதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. போன் ஸ்பீக்கரில் போட்டால் அதே வயலின் குழாய்க்குள் இருந்து வருகிற மாதிரி ஓட்டையாகிவிடுகிறது. மிருதங்கத்தில் தொப்பி (கனத்த சத்தம் தருகிற முகம்) சத்தம் எங்கே போனது என்றே தெரியவில்லை. வாசித்தவர் அனுப்பிய கோப்பில் அருமையாக இருந்தது (இரண்டு மைக், வலந்தலை என்கிற மறுமுகம் இடது சேனல், தொப்பி வலது சேனல்). இத்தனைக்கும் மேல், ஒரே ப்ரீசெட் போட்டும் நாலு பேரும் நாலு அறையில் இருக்கிற மாதிரிதான் கேட்கிறது. எங்கே தப்பு?

மிக்ஸ்மேசை:

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ரிவெர்பை ஒவ்வொரு டிராக்கின் மேலும் போட்டிருக்கிறீர்கள். டிராக்கில் போடுகிற எஃபெக்ட் எல்லாம் பேனுக்கு முன்னால் வேலை செய்யும். அதாவது வயலின் முதலில் ஒரு முழு ஹாலுக்குள் போகிறது, அதன் இரண்டு பக்கச் சுவர்களின் எதிரொலியும் அதோடு சேர்கிறது, அப்புறம் பேன் அந்த மொத்தத்தையும் பிடித்து வலப்பக்கம் தள்ளுகிறது. வயலினை மட்டும் தள்ளவில்லை, அது வாசிக்கிற ஹாலையே தள்ளிவிட்டீர்கள். மிருதங்கத்துக்கு இன்னொரு ஹால், அது இடப்பக்கம். இடப்பக்கச் சுவர் வயலினுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் காது அதை எப்படி ஒரே ஹால் என்று ஒத்துக்கொள்ளும்?

ரிவெர்பைத் தனி டிராக்கில் வையுங்கள், ஒன்றே ஒன்று போதும். ஒவ்வொரு வாத்தியத்திலிருந்தும் அதற்கு சென்ட் (சத்தத்தின் ஒரு நகலை அனுப்புகிற வழி) கொடுங்கள். ரீப்பரில் சென்ட் வகை 'போஸ்ட்-ஃபேடர் (போஸ்ட்-பேன்)' என்று இருக்க வேண்டும், அதாவது ஒலியளவைக் கூட்டிக்குறைக்கிற ஃபேடருக்கும் பேனுக்கும் பின்னால், மாற்றாவிட்டால் அப்படித்தான் இருக்கும். இப்போது வாத்தியம் முதலில் தன் இடத்தில் உட்காருகிறது, அப்புறம் ஹாலுக்குள் ஒலிக்கிறது. ரிவெர்ப் டிராக்கின் சத்தம் 100 சதவீதம் ரிவெர்ப், நேர்ச்சத்தம் துளியும் வேண்டாம், அதன் பேன் நடுவை விட்டு அசையக்கூடாது.

ஆனால் இதோடு முடியவில்லை. பேன் செய்த சத்தம் ரிவெர்புக்குள் போனபின் அந்த இடவலம் உள்ளே உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ரிவெர்ப்கள் உள்ளே நுழைந்ததும் இரண்டு சேனலையும் கூட்டி மோனோ ஆக்கிவிடும், அப்புறம்தான் ஸ்டீரியோவாக விரிக்கும். அவற்றுக்கு வயலின் வலத்தில் இருந்தால் என்ன, இடத்தில் இருந்தால் என்ன, வெளியே வருவது ஒன்றுதான். கான்வொல்யூஷன் ரிவெர்பில் (நிஜ இடத்தில் பதிந்த எதிரொலி மாதிரியை, அதாவது ஐஆரை, வைத்து வேலை செய்வது) இதற்கு நேர் எதிர்க் கோளாறு உண்டு: இரண்டு சேனல் மட்டும் உள்ள ஐஆர் போட்டால் இடது சத்தம் இடது ஐஆருடன் மட்டும் சேரும், வலது வலதுடன் மட்டும். முழுக்க வலத்தில் வைத்த வயலினுக்கு இடப்பக்கம் ஒரு துளி எதிரொலிகூட வராது. நிஜ ஹாலில் வலப்பக்கம் வாசித்தாலும் இடப்பக்கச் சுவர் பேசும். அதற்கு நாலு சேனல் வேண்டும்: இடத்திலிருந்து இடத்துக்கு, இடத்திலிருந்து வலத்துக்கு, வலத்திலிருந்து இடத்துக்கு, வலத்திலிருந்து வலத்துக்கு. இதைத்தான் ட்ரூ ஸ்டீரியோ என்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், ஒரு நிமிடத்தில் நீங்களே பார்க்கலாம். ஒரு கைதட்டலை எடுத்து முழுக்க வலத்தில் வைத்து ரிவெர்புக்கு மட்டும் அனுப்புங்கள், ரிவெர்ப் டிராக்கின் மீட்டரைப் பாருங்கள். இடது மீட்டர் அசையவே இல்லை என்றால் இரண்டு சேனல் வகை. கைதட்டலை இடப்பக்கத்துக்கு மாற்றியும் வெளியே வருவது அச்சு அசலாக அப்படியே இருந்தால் உள்ளே மோனோ. வலது முதலில் வந்து, சற்று தாமதமாக இடதும் வந்து, பக்கம் மாற்றினால் அதுவும் மாறினால், அதுதான் உங்களுக்கு வேண்டியது.

அந்த 12 மில்லிசெகண்ட் நகலை இன்றைக்கே அழித்துவிடுங்கள். இரண்டும் மோனோவாகச் சேரும்போது 42 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 125-ல் ஒன்று, 208-ல் ஒன்று, இப்படி 83 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக மேலே வரை போகும். போனில் கேட்கிற ஓட்டைச் சத்தம் அதுதான். ஹெல்முட் ஹாஸ் 1949-ல் ஆராய்ந்து சொன்னது, முதலில் வருகிற சத்தம் எந்தத் திசையோ அந்தத் திசையில்தான் காது வாத்தியத்தை வைக்கும், பின்னால் சில மில்லிசெகண்டில் வருவதைத் தனியாகக் கேட்காது என்பது. அந்த விதி உங்களுக்கு உதவும், ஆனால் வாத்தியத்தின் நேர்ச்சத்தத்தையே நகல் எடுத்து எதிர்ப்பக்கம் வைக்கிறபோது இல்லை. அந்த வேலையைச் சுவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டுகாது:

மிக்ஸ்மேசை சொன்னது எல்லாம் சரி. நான் ஒரு காகிதம் எடுத்து வரைந்து பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் பேன் எண்ணைக் காதால் தேடிக்கொண்டிருப்பதைவிட மேடையை அளந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

12 மீட்டர் அகல ஹால் என்று வைத்துக்கொள்வோம், சிறிய சபா அளவு. பாடுகிறவர் நடுவில். கேட்கிறவர் அவருக்கு நேரெதிரே 5 மீட்டரில். சத்தம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், அதாவது ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட். பாட்டு நேராக வர 5 மீட்டர். பக்கச் சுவரில் பட்டு வர 13 மீட்டர் (சுவருக்கு அந்தப் பக்கம் பாடுகிறவரின் பிம்பம் ஒன்று 12 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதாகப் போட்டால் 5-12-13 முக்கோணம்). வித்தியாசம் 8 மீட்டர், 23 மில்லிசெகண்ட். நடுவில் இருப்பதால் இரண்டு சுவரிலிருந்தும் ஒரே நேரத்தில் வரும்.

இப்போது வயலினை ஒன்றரை மீட்டர் வலப்பக்கம் உட்காரவையுங்கள். வலச்சுவர் பக்கத்தில் வந்துவிட்டது, அதன் எதிரொலி 19 மில்லிசெகண்டில் வருகிறது. இடச்சுவர் தள்ளிப்போய்விட்டது, அது 27-ல் வருகிறது. மிருதங்கத்துக்கு அப்படியே இடவலம் மாற்றிப் போடுங்கள். இந்த 8 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருக்கிறதே, வாத்தியத்துக்கு ஹாலுக்குள் ஒரு இடம் கொடுப்பது அதுதான், பேன் குமிழ் திசையை மட்டும்தான் சொல்லும். தரை, கூரை எதிரொலிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவற்றில் இடவலம் பெரிதாக இல்லை.

உங்கள் ரிவெர்பில் முதல் எதிரொலிகளைத் தனியாகவும் வாலைத் தனியாகவும் வைக்க முடிந்தால், முதல் எதிரொலிகளை வாத்தியத்துக்கு வாத்தியம் வேறாகவும் வாலை எல்லோருக்கும் பொதுவாகவும் வையுங்கள். வால் என்பது ஹால் முழுக்கச் சுற்றி நிறைந்த சத்தம், அதற்குத் திசை கிடையாது, அதனால் அதை உள்ளே மோனோ ஆக்குகிற ரிவெர்பிலிருந்து எடுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. முதல் எதிரொலிகளை ரிவெர்ப் இல்லாமலே சாதாரண டிலே (சத்தத்தைத் தாமதப்படுத்துகிற எஃபெக்ட்) இரண்டு வைத்துச் செய்யலாம்: வயலினுக்கு வலத்தில் 19, இடத்தில் 27. 13 மீட்டர் போகிற சத்தம் 5 மீட்டர் போகிறதைவிடத் தூரத்தாலேயே 8 டெசிபல் குறையும், சுவரும் கொஞ்சம் தின்னும், அதனால் 10 டெசிபல் கீழே, மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்கி. நீங்கள் 12-ல் செய்த தந்திரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது. 10 டெசிபல் கீழே இருக்கிற நகல் மோனோவில் அந்த ஆழமான பள்ளங்களை வெட்டாது.

தூரத்தைப் பற்றி. கடத்தை ஒரு மீட்டர் பின்னால் உட்காரவைத்தால் 5 மீட்டர் 6 ஆகிறது. நேர்ச்சத்தம் ஒன்றரை டெசிபல் குறையும், 3 மில்லிசெகண்ட் தாமதமாகும், அவ்வளவுதான். ஹாலின் வாலோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் பின்னால் தள்ள ரிவெர்பை ஏற்றாதீர்கள், நேர்ச்சத்தத்தை இறக்குங்கள், அந்தச் சென்டை மட்டும் ப்ரீ-ஃபேடர் ஆக்கிக்கொண்டால் ஃபேடரை இறக்கும்போது ரிவெர்ப் கூடவே இறங்காது (ஆனால் ரீப்பரில் ப்ரீ-ஃபேடர் சென்டுக்கு டிராக்கின் பேன் வராது, சென்டிலேயே இருக்கிற பேனைத் திருப்ப வேண்டும், இதை மறந்தால் கடம் நடுவில் வந்து நிற்கும்). ப்ரீ-டிலேயையும் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கிற வாத்தியத்துக்குத்தான் நேர்ச்சத்தத்துக்கும் முதல் எதிரொலிக்கும் இடைவெளி அதிகம். தூரம் போகப்போக இரண்டும் நெருங்கும். இதை எத்தனையோ பேர் மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெட்போன் விஷயம்: 5 மீட்டரில் ஒன்றரை மீட்டர் என்றால் 17 டிகிரி. ஸ்பீக்கர் ஒவ்வொரு பக்கமும் 30 டிகிரியில் இருக்கிறது, அதனால் பாதி வழிக்குச் சற்று மேலே, உங்கள் 60 ஸ்பீக்கருக்குக் கிட்டத்தட்ட சரி. ஹெட்போனில் இடது சத்தம் வலது காதுக்குப் போகாது, அதனால் எல்லாமே அகலமாகத் தெரியும். 40-க்கு இறக்குங்கள், இரண்டிலும் கேட்கலாம்.

வலந்தலை:

நான் மிருதங்கம் வாசிப்பவன், பதிவும் செய்வேன். தொப்பி எங்கே போனது என்று நான் சொல்கிறேன் தம்பி.

ரீப்பரில் ஸ்டீரியோ டிராக்கின் பேன் முதலில் 'பேலன்ஸ்' முறையில்தான் இருக்கும். இடப்பக்கம் 60 திருப்பினால் வலது சேனல் குறையும், அது இடத்துக்கு வந்து சேராது. உங்கள் வலது சேனல் என்பது தொப்பி மைக். நீங்கள் மிருதங்கத்தை நகர்த்தவே இல்லை, தொப்பியைப் பாதிக்கும் மேலே மூடிவிட்டீர்கள், அவ்வளவுதான். பேன் குமிழில் வலது கிளிக் செய்து 'டூயல் பேன்' என்று மாற்றுங்கள், இரண்டு மைக்குக்கும் இரண்டு குமிழ் வரும். வலந்தலையை இடம் 55, தொப்பியை இடம் 45 என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மிருதங்கம் 60 சென்டிமீட்டர் சொச்சம் நீளம், அதுவும் ஒரு முகம் சபையைப் பார்த்து இருக்கிறது. 5 மீட்டரில் இருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு புள்ளி. வலந்தலை ஒரு காதிலும் தொப்பி இன்னொரு காதிலுமாக வைத்த பதிவுகளைக் கேட்டால் வாத்தியத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். தனி மிருதங்கப் பதிவில் அது ஒரு ருசி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கச்சேரியில் அது மேடையையே உடைத்துவிடும்.

மிருதங்கத்தை இடப்பக்கம் வைத்தது சரியா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வலது கைக்காரர் பாடுகிறவரின் வலப்பக்கம் உட்காருவார், அப்போதுதான் வலந்தலை சபையைப் பார்க்கும். சபைக்கு அது இடப்பக்கம். வயலின் அதற்கு எதிரே, சபைக்கு வலப்பக்கம். உங்கள் வித்வான் இடது கைக்காரர் என்றால் இரண்டையும் மாற்ற வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர், அவருக்காக வயலின் வித்வான் பக்கம் மாறி உட்கார வேண்டும் என்பதே அந்தக் காலத்தில் பெரிய பிரச்சினையாக இருந்தது, செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணையாக நின்றார். நாங்கள் சின்ன வயதில் குருவிடம் கேட்ட கதை இது. இடவலம் என்பது எங்களுக்கு அலங்காரம் இல்லை. எந்த முகம் யாரைப் பார்க்கிறது என்பதில்தான் சத்தமே இருக்கிறது. தொப்பி மேடைக்குள் பார்க்கிறது, அதன் சத்தம் பெரும்பாலும் சுவரில் பட்டுத்தான் சபைக்கு வருகிறது, அதனால் தொப்பிக்குச் சென்ட் சற்று அதிகம், வலந்தலைக்குக் குறைவு என்று வைத்துப் பாருங்கள்.

அப்புறம் 2.2 விநாடி. வேண்டவே வேண்டாம். வியன்னா மியூசிக்ஃபெரைனில் ஆள் நிறைந்திருக்கும்போது 2 விநாடி அளவு என்பார்கள், அது வெஸ்டர்ன் ஆர்கெஸ்ட்ராவுக்கு. நம் கணக்கைப் பாருங்கள்: நிமிடத்துக்கு 70 அடி வேகத்தில் ஓர் அடிக்கு எட்டு சொல் (மிருதங்கச் சொற்கட்டின் ஓர் அடி) விழுந்தால் சொல்லுக்குச் சொல் 107 மில்லிசெகண்ட். 2.2 விநாடி ஹாலில் அடுத்த சொல் விழும்போது முந்தைய சொல்லின் மிச்சம் 3 டெசிபல்கூட இறங்கியிருக்காது. கோர்வை என்கிற தாளக் கோப்பு முழுக்க ஒரே குழம்பாகிவிடும். 1.2 விநாடி என்றால் 5 டெசிபலுக்கு மேல் இறங்கும், சொல் சொல்லாகக் கேட்கும். வால் டிராக்கில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தொப்பி அடிக்கும் ஹால் உறுமும்.

கடைசிவரிசை:

எல்லோரும் அளந்து அளந்து சொல்கிறீர்கள், எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். நாற்பது வருடமாக சபாவில் உட்கார்ந்து கேட்கிறேன். பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாம் மைக் வழியாக மேடையின் இரண்டு பக்கமும் நிற்கிற ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது, இரண்டிலும் ஒரே சத்தம். எனக்கு வயலின் வலப்பக்கமிருந்து வந்ததே கிடையாது, பக்கத்து ஸ்பீக்கரிலிருந்துதான் எல்லாமே வரும். அப்படியிருக்க நீங்கள் கட்டுகிற இந்த மேடை எந்தச் சபாவில் இருக்கிறது? கேட்கிற எங்களுக்கு அது பழக்கமான சத்தமே இல்லையே?

இரண்டுகாது:

நல்ல கேள்வி சார். இதற்கு விடை முடிவு செய்யாமல் மிக்ஸைத் தொடவே கூடாது என்பது என் அபிப்பிராயம். நீங்கள் சொல்கிற சபா சத்தத்தை உண்டாக்கவேண்டுமானால் பேனே வேண்டாம், எல்லாம் நடுவில், நீண்ட ரிவெர்ப், அது பத்து நிமிட வேலை. ஆனால் அது வித்வான்களின் சத்தம் இல்லை, ஸ்பீக்கரின் சத்தம். ஒரு வீட்டுக் கூடத்தில் மைக் இல்லாமல் முப்பது பேர் நடுவே நடக்கிற கச்சேரியை நினைத்துப் பாருங்கள். அங்கே வயலின் வலப்பக்கமிருந்துதான் வரும், பாடுகிறவர் வயலின் பக்கம் தலையைத் திருப்பினால் குரல் மாறுவதுகூடத் தெரியும். சுருதிப்பெட்டி ஜமுக்காளம் என்று எழுதினாரே, அதைப் படித்ததும் எனக்கு அந்தக் கூடம்தான் மனதில் வந்தது. அதற்கு நான் சொன்ன 12 மீட்டரே கொஞ்சம் பெரிது.

கடைசிவரிசை:

கூடத்துக் கச்சேரி நானும் கேட்டிருக்கிறேன், மூன்றோ நாலோ. நீங்கள் சொல்வது புரிகிறது. அதில் கிடைத்த சந்தோஷம் சபாவில் கிடைத்ததில்லை என்பதும் உண்மை.

மண்டபம்:

கொஞ்சம் தாமதமாக வருகிறேன், ஆனால் இதை நான் செய்து பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

ஆர்கெஸ்ட்ரா ஆட்களிடம் இதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. வியன்னா சிம்ஃபொனிக் லைப்ரரியின் எம்ஐஆர் என்பது ஒன்று, மேடையின் படத்தில் வாத்தியத்தைப் பிடித்து இழுத்து வைத்தால் அந்த இடத்துக்குப் பதிவு செய்த ஐஆர்களை எடுத்துக்கொள்ளும், வாத்தியம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக்கூடத் திருப்பலாம். ஆனால் அதில் இருப்பது அவர்கள் ஊர் ஹால்கள். எனக்கு நம் ஊர்க் கூடம் ஒன்று வேண்டும் என்று இருந்தது, அதனால் தெரிந்தவர் ஒருவரின் சிறிய மண்டபத்தை ஒரு காலை வாங்கிக்கொண்டேன்.

வழி எளிது. பாடுகிறவர் இடத்தில் ஒரு ஸ்பீக்கரைத் தரையிலிருந்து உட்கார்ந்த ஆளின் வாய் உயரத்துக்கு வைத்து, சைன் ஸ்வீப் போடுவது, அதாவது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை மெதுவாக ஏறுகிற ஒரே சுருதி. ஏஞ்சலோ ஃபரீனா 2000-ல் வெளியிட்ட முறை, ஸ்பீக்கர் தானாகச் சேர்க்கிற சிதைவு (டிஸ்டார்ஷன்) ஐஆருக்குள் வராமல் பிரித்துவிடும். கேட்கிறவர் இடத்தில் இரண்டு மைக், ஓஆர்டிஎஃப் முறை, 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி விரிப்பு. அப்புறம் ஸ்பீக்கரை வயலின் இடத்துக்கு மாற்றி ஒரு ஸ்வீப், மிருதங்கத்துக்கு ஒன்று, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்குப் பாடுகிறவருக்குப் பின்னால் ஒன்று. மைக்கை மட்டும் அசைக்கவே கூடாது. மின்விசிறிகளை நிறுத்த மறக்காதீர்கள், என் முதல் மூன்று ஸ்வீப்பும் அதனால்தான் வீணாயிற்று.

இப்படி எடுத்தால் மிக்ஸ்மேசை சொன்ன நாலு சேனல் தலைவலி கிடையாது. ஒவ்வொரு வாத்தியமும் மோனோ, அதன் இடத்துக்கென்றே ஒரு இரண்டு சேனல் ஐஆர், இரண்டுகாது கணக்குப் போட்ட அந்த 19-ம் 27-ம் ஐஆருக்குள்ளேயே இருக்கிறது. இங்கே மட்டும் ரிவெர்பை டிராக்குக்குத் தனித்தனியாகப் போடலாம், ஆனால் அதன்மேல் பேன் திருப்பக்கூடாது, இடம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஐஆரின் ஆரம்பத்தில் இருக்கிற நேர்ச்சத்தத்தை வெட்டிவிட்டு, உங்கள் பதிவின் நேர்ச்சத்தத்தைத் தனியாகப் பேன் செய்து அதோடு சேருங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டுகிறதா என்று கண்ணை மூடிக் கேளுங்கள்.

மண்டபம் கிடைக்காவிட்டால் யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பில் பல இடங்களின் ஐஆர் இலவசமாக இருக்கிறது, நீளமான தேவாலயங்களை விட்டுவிட்டுச் சிறிய அறைகளாகப் பார்த்து எடுங்கள்.

சுருதிப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்தேன். ரிவெர்ப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வால் ஒன்று மட்டும் 1.2 விநாடியில் வைத்தேன். கைதட்டல் வைத்துப் பார்த்ததில் என் ரிவெர்ப் உள்ளே மோனோதான், அதனால் முதல் எதிரொலிகளை டிலே வைத்துச் செய்தேன், வலத்தில் 19, இடத்தில் 27. அந்த இரண்டையும் திறந்த நிமிடம் வயலின் காதை விட்டு நகர்ந்து அறைக்குள் போய் உட்கார்ந்தது, எழுந்து நின்றுவிட்டேன். டூயல் பேன் மாற்றியதும் தொப்பி திரும்பி வந்தது. வலந்தலை சார், வித்வானிடம் கேட்டுவிட்டேன், வலது கைக்காரர்தான். போன் ஸ்பீக்கரிலும் வயலின் முழுசாக இருக்கிறது.

ஒன்று மட்டும் மீதி. பாட்டு ஒட்டவில்லை. மற்ற எல்லோரும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள், அவள் மட்டும் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து அந்தப் பெட்டி கூடத்தில் இருக்கிற மாதிரி.

மிக்ஸ்மேசை:

அது உங்கள் படுக்கையறை. மைக்குக்குப் பின்னால் ஒரு மீட்டரில் சுவர் இருந்தால் குரல் அதில் பட்டுத் திரும்ப 6 மில்லிசெகண்ட். நீங்கள் கட்டின கூடத்தில் குரலுக்கு முதல் எதிரொலி 23-ல் வருகிறது. காது 6-ஐ முதலில் கேட்டுவிடுகிறது, சின்ன அறை என்று முடிவு செய்துவிடுகிறது, அப்புறம் 23-ல் எவ்வளவு பெரிய ஹாலைக் கொடுத்தாலும் அந்த முடிவு மாறாது. பதிவுக்குள் போய்விட்ட அறையை வெளியே எடுக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் அவை கமகத்தின் ஓரங்களையும் சேர்த்துத் தின்னும், நான் கர்நாடகக் குரலில் போடமாட்டேன்.

மீண்டும் பாட முடியுமா? முடியும் என்றால் அவள் முதுகுக்குப் பின்னாலும் மைக்குக்குப் பின்னாலும் மெத்தையை நிறுத்தி, அறை மூலையில் இல்லாமல், மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதைப் பார்த்துப் பாடினாலும் சரி.

சுருதிப்பெட்டி:

பாடுவாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். மெத்தை மூன்று இருக்கிறது. கடைசியாக ஒன்று: தனி ஆவர்த்தனம் (மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற பகுதி) எட்டு நிமிடம் வருகிறது. அப்போது மிருதங்கத்தை நடுவுக்குக் கொண்டுவரலாமா? சில ஆல்பங்களில் அப்படிக் கேட்ட ஞாபகம்.

வலந்தலை:

வேண்டாம் தம்பி. தனியின்போது யாரும் எழுந்து நடுவுக்கு வந்து உட்காருவதில்லை. பாடுகிறவர் நடுவில் தாளம் போட்டுக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறார், அவர் கைத்தட்டு மைக்கில் மெலிதாக விழுந்திருந்தால் அதையும் அழிக்காமல் வையுங்கள். ஃபேடரை ஒன்றரை டெசிபல் ஏற்றுங்கள், தம்புராவை ஒரு டெசிபல் இறக்குங்கள். கடம் பதில் சொல்லும்போது அது வலப்பக்கப் பின்வரிசையிலிருந்து வர வேண்டும், இடத்துக்கும் வலத்துக்கும் மாறி மாறிச் சொல் போகிற அந்த இடத்தில்தான் நீங்கள் இரண்டு ராத்திரி கட்டின கூடம் நன்றாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பதிவு முடிந்ததும் இங்கே போடுங்கள், கேட்க வேண்டும்.